உதவி அறைக்கு வராத மாணவர்கள்

உயர்நிலைப் பள்ளியில் கற்றல் உதவிக்கென்று ஓர் அறை இருந்தால், அதன் வருகைப் பதிவேட்டை ஒரு பருவம் முழுக்கப் புரட்டிப் பார்க்க வேண்டும். அனேகமாக அதே பதினைந்து இருபது பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அந்தப் பெயர்களை மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் சங்கடப்படும். எண்பது வாங்குகிற பிள்ளை தொண்ணூறு வாங்குவதற்காக வந்திருக்கிறது. தொண்ணூறு வாங்குகிற பிள்ளை ஓர் அரை மதிப்பெண் ஏன் போனது என்று கேட்க வந்திருக்கிறது. முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் தடுமாறுகிற பிள்ளையின் பெயர் ஒரு பக்கத்திலும் இருக்காது. இருந்தாலும், தேர்வுக்கு முந்தைய நாள் ஒரே ஒரு முறை இருக்கும்.

அறை இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், நேரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. "நாங்க தயாராத்தான் இருக்கோம், அவங்கதான் வர்றதில்ல" என்பது இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் வருகிற பதில். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலோடு என்னால் சமாதானமாக முடியவில்லை. உதவி கேட்பதும் ஒரு திறன்தான். எங்கே சிக்கினோம் என்று தெரிய வேண்டும், அதைச் சொல்ல வார்த்தை வேண்டும், சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். பின்தங்கிய மாணவர் முதலில் இழப்பது இந்த மூன்றையும்தான். அப்படியிருக்க, கேட்டு வருபவர்களுக்கு மட்டும் உதவுகிற ஏற்பாடு, யாரும் தவறு செய்யாமலேயே தவறான ஆட்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்.

கார்லி ராபின்சன், பிராஜ் பிஷ்ட், சூசன்னா லோப் ஆகிய மூவரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கலிபோர்னியாவில் ஒரு பள்ளிக் குழுமம், தன் மாணவர்கள் விரும்பும்போதெல்லாம் இணையம் வழியே தனிப்பயிற்சி ஆசிரியரிடம் பேசலாம் என்று இலவசமாக ஏற்பாடு செய்திருந்தது. ஒரு முறையாவது அதைப் பயன்படுத்தியவர்கள் 19 சதவீதம் பேர்தான். பாடத்தில் திணறிய மாணவர்கள் மற்றவர்களைவிடவும் குறைவாகவே வந்தார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாகச் செய்தி அனுப்பியபோது வரும் வாய்ப்பு 46 சதவீதம் உயர்ந்தது. அப்படி உயர்ந்த பிறகும் மொத்த எண்ணிக்கை குறைவாகவே நின்றுவிட்டது. பணம், தூரம், நேரம் என்று எந்தத் தடையும் இல்லாத இடத்திலேயே நிலைமை இது.

கேட்கத் தெரிவதும் கேட்க முடிவதும்

ஷரன் நெல்சன்-லு கால் என்ற ஆய்வாளர் 1981-ல் உதவி கேட்பதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, வேலையை முடித்துத் தரச் சொல்லிக் கேட்பது. மற்றது, தானே செய்துகொள்ளும் அளவுக்கு மட்டும் கேட்பது. "விடை என்ன சார்?" என்பது முதல் வகை. "மூணாவது வரியில மைனஸ் எப்படி ப்ளஸ் ஆச்சு?" என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்வியைக் கேட்க, முதல் இரண்டு வரி புரிந்திருக்க வேண்டும். நல்ல கேள்வி என்று நாம் பாராட்டுவதெல்லாம் முக்கால்வாசி புரிந்தவர்களின் கேள்விகள். ஆலிசன் ரையனும் பால் பின்ட்ரிச்சும் வளரிளம் பருவத்தினரின் கணித வகுப்புகளில் செய்து 1997-ல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டித்தான் போகிறது. தன் திறமையில் நம்பிக்கை குறைந்தவர்களுக்குத்தான் கேட்பது அவமானமாகத் தெரிகிறது. அதனால் அவர்கள்தான் கேட்காமல் ஒதுங்குகிறார்கள்.

இதற்கு நடைமுறையில் ஒரு பொருள் உண்டு. "எதுவுமே புரியல சார்" என்று ஒரு மாணவி சொன்னால், "எதுவரைக்கும் புரிஞ்சுது?" என்று திருப்பிக் கேட்பதில் பயனில்லை. அதற்குப் பதில் தெரிந்திருந்தால் அவள் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாள். தளம் தேடும் தாள் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரே பாடப்பகுதியில் ஐந்து கணக்குகள், மேலிருந்து கீழாக எளிதாகிக்கொண்டே போகும். இருபடிச் சமன்பாடு என்றால் முதலில் முழுக் கணக்கு, அடுத்தது காரணிப்படுத்துவது மட்டும், அடுத்தது அடைப்புக்குறியைப் பிரித்துப் பெருக்குவது, அடுத்தது ஒருபடிச் சமன்பாடு, கடைசியில் எதிர்மறை எண்களைக் கூட்டுவதும் பெருக்குவதும். மேலிருந்து போட வைத்து, எந்தக் கணக்கில் கை நிற்காமல் ஓடுகிறதோ அங்கே நிறுத்தலாம். எட்டு நிமிடம் ஆகும். பல நேரம் ஒன்பதாம் வகுப்பு மாணவரின் தளம் ஆறாம் வகுப்புப் பாடத்தில் கிடக்கும். அங்கே இரண்டு மணி நேரம் செலவழித்தால் மேலே உள்ள மூன்று அத்தியாயங்கள் தளர ஆரம்பிக்கும். அதைச் செய்யாமல் அன்றைய பாடத்தையே இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக நடத்துவதுதான் பெரும்பாலான சிறப்பு வகுப்புகளில் நடக்கிறது.

மொழிப்பாடத்திலும் அறிவியலிலும் இதே தாள் வேறு வடிவம் எடுக்கும். கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அதையே நீங்கள் படித்துக் காட்டி வாய்மொழியாக விடை கேளுங்கள். நீங்கள் படித்தால் விடை வருகிறது, தானாகப் படித்தால் வரவில்லை என்றால் சிக்கல் பாடத்தில் இல்லை, வாசிப்பில். அப்போது கண்பார்வையும் கேட்கும் திறனும் முதலில் பரிசோதிக்கப்பட வேண்டும். அதன் பிறகுதான் டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாட்டுக்கான முறையான மதிப்பீடு. உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு இதெல்லாம் முன்பே பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிற தவறு. புத்திசாலியான பிள்ளைகள் மனப்பாடத்தாலும் ஊகத்தாலும் எட்டாம் வகுப்புவரை சமாளித்துவிடுவார்கள். பாடநூல் தடிக்கும்போதுதான் அது உடையும்.

முதல் தோல்விக்குப் பிந்தைய பத்து நாட்கள்

ஓர் ஆண்டின் திருப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஆண்டுத் தேர்வில் இல்லை, அரையாண்டிலும் இல்லை என்றே சொல்வேன். முதல் அலகுத் தேர்வின் விடைத்தாள் கைக்கு வருகிற நாளில் இருக்கிறது. பள்ளி தொடங்கி ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். அதற்கடுத்த பத்து நாட்களில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

முதல் நாள்: தாள் கைக்கு வந்ததும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நான்காக மடித்துப் பைக்குள் போட்டுவிடுகிறார் மாணவர். சிவப்பு மையில் எழுதிய குறிப்புகளை அவர் படிக்கவே இல்லை. இரண்டாம் நாள் வகுப்பில் அடுத்த அத்தியாயம் ஆரம்பமாகிறது. மூன்றாம் நாள் வீட்டுப்பாடம் காலையில் நண்பனின் நோட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஏறிவிடுகிறது. நோட்டு வந்துவிட்டதால் ஆசிரியர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது. ஐந்தாறு நாளில் புதிய அத்தியாயம், பழைய அத்தியாயத்தின் மீது கால் வைக்கிற இடத்துக்கு வந்துவிடும். அங்கே இவருக்குத் தரையே இல்லை. கடைசி வரிசைக்கு இடம் மாறுகிறார், அல்லது பக்கத்தில் இருப்பவரைச் சிரிக்க வைக்க ஆரம்பிக்கிறார். எட்டாம் நாள் குறுந்தேர்வு, காலையில் வயிற்றுவலி. அது பொய் வலி என்று சொல்ல எனக்கு மனமில்லை. பயம் உடம்பில் வலியாகத்தான் வரும். பத்தாம் நாள், விட்டுப்போன குறுந்தேர்வு, புரியாத அத்தியாயம், தீர்க்காத பழைய தாள் என்று மூன்று சுமை சேர்ந்துவிட்டது.

பள்ளிக்கு இந்தச் செய்தி எப்போது போய்ச் சேர்கிறது? பருவ இறுதியில், மதிப்பெண் அட்டை வரும்போது. அதற்குள் மூன்று நான்கு அத்தியாயம் ஓடியிருக்கும். பெற்றோரை அழைத்து, வகுப்பாசிரியர், பெற்றோர், பிள்ளை மூவரும் முகம் இறுகி உட்காரும் அந்தச் சந்திப்பில் "இனிமே நல்லா படிப்பேன்" என்ற வாக்குறுதி வாங்கப்படும். எந்தப் பாடத்தில் எந்தப் பக்கத்திலிருந்து, யாரோடு, எந்த நேரத்தில் என்ற பேச்சே அதில் வராது.

பத்து நாளுக்குள் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. தாள் கொடுத்த அன்றோ மறுநாளோ, பாட ஆசிரியர் மூன்று நிமிடம் தனியாகப் பேச வேண்டும். வகுப்பு கலையும்போது, மேசைப் பக்கம், மற்றவர் காதில் விழாத குரலில். "ஏன் குறைஞ்சுது?" என்று கேட்டால் "படிக்கல சார்" என்ற பதில்தான் வரும், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். "இதுல எந்தக் கணக்கு உனக்குத் தெரிஞ்சும் தப்பாப் போச்சு?" என்று கேட்டால் தாள் மீண்டும் விரியும். பிறகு தவறுகளை மூன்று வகையாகப் பிரித்து, மூன்று நிறப் பேனாவால் பிள்ளையே குறியிட வேண்டும்: தெரியாமல் போனது, தெரிந்தும் கவனக்குறைவில் போனது, நேரம் போதாமலோ தொடப் பயந்தோ விட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு. தெரியாததற்குத் தளம் தேடும் தாள். கவனக்குறைவுக்கு, ஒவ்வொரு விடையையும் கேள்வியில் பொருத்திச் சரிபார்க்கும் பழக்கம். விட்டதற்கு, தாள் வாங்கியதும் முதல் மூன்று நிமிடம் எல்லாவற்றையும் படித்துவிட்டு எளிதானதிலிருந்து தொடங்கும் பயிற்சி. மூன்றுக்கும் சேர்த்து "இன்னும் நல்லாப் படி" என்று சொல்வது எந்த ஒன்றுக்கும் பயன்படாது.

மூன்றாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் நடுவே இருபத்தைந்து நிமிட அமர்வுகள் இரண்டு. பத்தாம் நாளில், அதே திறன்களை வேறு எண்களில் கேட்கும் மறுதேர்வு. அதன் மதிப்பெண் பழையதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சராசரி எடுத்தால், முன்பு தெரியாமல் இருந்ததற்காக, இப்போது தெரிந்துகொண்டவருக்குத் தண்டனை போகிறது. இதில் தவறிப்போகும் இடமும் ஒன்று உண்டு. மறுதேர்வு எப்படியும் இருக்கிறது என்று தெரிந்தால் சிலர் முதல் தேர்வுக்குத் தயாராக மாட்டார்கள். அதனால் பழைய தாளின் திருத்தங்களை முழுக்க எழுதிக் கொடுத்து, இரண்டு அமர்வுக்கும் வந்திருந்தால்தான் மறுதேர்வு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சோம்பலில் வருபவருக்கு அது கூடுதல் வேலை, திணறலில் வருபவருக்கு அதுதான் உதவி.

பதிவேட்டை யார் படிக்கிறார்கள்

கேட்டு வராதவரைத் தேடிப் போக வேண்டும் என்றால், யாரைத் தேடுவது என்று தெரிய வேண்டும். அதற்குப் புதிய பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஏற்கெனவே எழுதப்படும் வருகைப் பதிவேடும் மதிப்பெண் பதிவேடும் போதும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழுவைச் சேர்ந்த இலேன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் 2005-லும் 2007-லும் அந்நகரத்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பற்றி இரண்டு அறிக்கைகள் வெளியிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பைத் தடத்தில் நின்று, அதாவது முக்கியப் பாடங்களில் பெரிதாகத் தவறாமல், முடித்தவர்கள், அப்படி முடிக்காதவர்களைவிட நான்காண்டில் பள்ளிப் படிப்பை நிறைவு செய்ய மூன்றரை மடங்குக்கும் மேல் வாய்ப்பு உள்ளவர்களாக இருந்தார்கள். அந்த ஆண்டில் பாடம் தவறுவதை முன்கூட்டிச் சொல்வதில், எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட வகுப்பு வருகை எட்டு மடங்கு வலுவாக இருந்தது. முந்தைய ஆண்டு எவ்வளவு வாங்கினார் என்பதைவிட, இந்த ஆண்டு எத்தனை பாடவேளை உட்கார்ந்தார் என்பது அவ்வளவு சொல்கிறது.

பள்ளி நாட்களில் 10 சதவீதம் தவறினால் அது நாள்பட்ட வருகைக் குறைவு என்று பரவலாகக் கொள்ளப்படுகிறது. ஆண்டுக்கு 200 நாள் என்றால் 20 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டே நாள். மாதம் இரண்டு நாள் விடுப்பு யார் கண்ணையும் உறுத்தாது. காய்ச்சல், குடும்பக் காரியம், அனுமதி பெற்ற விடுப்பு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். காரணம் நியாயமாக இருக்கலாம், நடத்தி முடித்த பாடம் காரணம் பார்த்துத் திரும்பி வராது. இன்னொன்று: காலையில் ஒரே முறை எடுக்கும் வருகை பாதி உண்மையைத்தான் சொல்லும். ஒவ்வொரு வாரமும் குறிப்பிட்ட நாளின் கடைசிப் பாடவேளையில் மட்டும் ஒருவர் இல்லாமல் போவது, பாடவேளை வாரியாக எடுக்கும் பதிவேட்டில்தான் தெரியும். அந்தப் பாடவேளை எந்தப் பாடம் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, முப்பது நிமிடக் கூட்டம். வகுப்பாசிரியர், ஆலோசகர், முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒருவர். பட்டியலில் ஏற மூன்று வழிகள்: வருகை 90 சதவீதத்துக்குக் கீழ், ஏதேனும் ஒரு முக்கியப் பாடத்தில் தோல்வி, நடத்தையில் திடீர் மாற்றம். ஒரு கூட்டத்தில் எட்டுப் பெயர், ஒரு பெயருக்கு மூன்று நிமிடம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் ஆசிரியர் பெயர், செய்யப்போகும் ஒரே ஒரு காரியம், அதற்கு ஒரு தேதி. இந்த மூன்றும் எழுதாமல் அடுத்த பெயருக்குப் போகக் கூடாது. இத்தகைய கூட்டங்கள் கெட்டுப்போவது எப்போதும் ஒரே விதத்தில்தான். முதல் பெயர் வந்ததும் அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதை, அண்ணன் கதை, போன வருடக் கதை என்று இருபது நிமிடம் போய்விடும். எல்லோருக்கும் மனம் கனக்கும், தாளில் ஒரு வரியும் இருக்காது.

வீட்டுக்குப் போகும் முதல் தொலைபேசி அழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பல பெற்றோருக்குப் பள்ளி எண் திரையில் தெரிந்தாலே நெஞ்சு படபடக்கும். ஆண்டின் முதல் மூன்று வாரத்துக்குள், பிரச்சினை எதுவும் இல்லாதபோதே, ஒரு நல்ல செய்தியோடு ஓர் அழைப்பு போயிருந்தால், பிறகு வரும் கடினமான அழைப்பை அவர்கள் எடுப்பார்கள். கடினமான அழைப்பிலும் "உங்க பையன் வர்றதே இல்லம்மா" என்பதைவிட "இந்த மாசம் நாலு நாள் வரல, அதுல ரெண்டு நாள் கணக்குப் பாடம் முக்கியமான இடம், எப்படி உதவலாம்?" என்று எண்ணோடு பேசுவது நல்லது.

கால அட்டவணைக்குள்ளே

பள்ளி முடிந்த பிறகு நடக்கும் உதவி வகுப்பு, வீட்டுக்குப் போக ஒரே வண்டியை நம்பியிருக்கும் பிள்ளையை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளையை, வேலைக்குப் போகிற பிள்ளையை முதலிலேயே வெளியே நிறுத்திவிடுகிறது. நிகோ, ஓரியோபூலஸ், குவான் ஆகியோர் 2020-ல் தனிப்பயிற்சி பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பள்ளி நேரத்துக்குள் நடந்தவற்றின் பலன், பள்ளிக்குப் பிறகு நடந்தவற்றைவிடக் கூடுதலாகவே இருந்தது. அளவும் முக்கியம். வாரம் மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் குறைந்தது முப்பது நிமிடம், ஒரு பயிற்றுநருக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம், பருவம் முழுக்க அதே பயிற்றுநர். வாரம் ஒரு முறை, பன்னிரண்டு பேர், வாரத்துக்கு வாரம் வேறு ஆசிரியர் என்று நடத்தினால் செலவு மட்டும்தான் மிஞ்சும்.

அமர்வுக்கான நேரத்தை எந்தப் பாடவேளையிலிருந்து எடுப்பது என்ற கேள்வியில்தான் பல பள்ளிகள் பிழை செய்கின்றன. விளையாட்டிலிருந்தும் ஓவியத்திலிருந்தும் பிடுங்குவது வழக்கம். ஒரு பிள்ளைக்குத் தான் கெட்டிக்காரன் என்று தோன்றும் ஒரே இடம் அந்த மைதானமாக இருக்கலாம். அதைப் பறித்துக்கொண்டு கணக்கு சொல்லிக் கொடுத்தால் கணக்கின் மீதுதான் வெறுப்பு ஏறும். அதே கணக்கு வகுப்பிலிருந்து வெளியே கூட்டிப் போவதும் சரியில்லை, அன்றைய பாடம் போய்விடும். எனக்குத் தெரிந்து சரிவரும் வழி ஒன்றுதான்: வாரத்தில் மூன்று பாடவேளைகளை எல்லா மாணவருக்கும் பொதுவான பயிற்சி நேரமாக அட்டவணையிலேயே போட்டுவிடுவது. சிலர் நூலகம் போவார்கள், சிலர் ஆய்வகம், சிலர் இசை, சிலர் மேற்படி அமர்வு. எல்லோரும் எங்கோ எழுந்து போகும்போது, உதவிக்குப் போகிறவர் தனியாகத் தெரிய மாட்டார். அட்டவணையில் பெயர் வந்துவிடுவதால் கேட்டு வர வேண்டிய அவமானமும் இல்லை.

அமர்வுக்கு வைக்கும் பெயரிலும் கவனம் வேண்டும். "மெல்லக் கற்போர்" என்று பலகையில் எழுதிய அறைக்குள் பதினான்கு வயதுப் பிள்ளை மனதாரக் காலடி வைக்காது. கணிதவியலாளர் யூரி ட்ரைஸ்மன் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கண்டுகொண்டது இங்கே நினைவுக்கு வர வேண்டியது. 1970-களில், கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தவறுகிறார்கள் என்று அவர் தேடினார். ஊக்கமில்லை, அடிப்படை இல்லை, வீட்டில் அக்கறை இல்லை என்று சக ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன மாணவர்களையும் மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தபோது, முதல் தரப்பினர் பெரும்பாலும் தனியாகவே படித்தார்கள், இரண்டாம் தரப்பினர் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை மற்றவர் சோதித்துப் படித்தார்கள் என்பது தெரிந்தது. அவர் தொடங்கிய பயிற்சிப் பட்டறையில் பழைய பாடத்தை மெதுவாகத் திரும்ப நடத்தவில்லை. வழக்கமான கணக்கைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் போட வைத்தார், அது திறமைசாலிகளுக்கான பட்டறை என்றே அறிமுகமானது. முடிவுகள் மாறின. கல்லூரி மாணவர்களுக்குப் பொருந்தியது உயர்நிலைப் பள்ளியில் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கூட்டாகப் போடும் கடினமான கணக்கு மரியாதையின் அடையாளம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

முப்பது நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? முதல் ஐந்து நிமிடம், புத்தகம் மூடியபடி போன அமர்வின் மூன்று கேள்விகள். அடுத்த பதினைந்து நிமிடம் ஒரே ஒரு திறன்: ஆசிரியர் ஒரு கணக்கு, சேர்ந்து ஒரு கணக்கு, தனியாக இரண்டு. பிறகு ஐந்து நிமிடம், நாளைய வகுப்பில் வரப்போகும் பகுதியின் முன்னோட்டம். இதை விடவே கூடாது. மறுநாள் வகுப்பில் ஆசிரியர் கேட்கும் ஒரு கேள்விக்காவது இந்தப் பிள்ளைக்குக் கை உயர்த்த முடிவது இதனால்தான். கடைசி ஐந்து நிமிடம் இன்று கற்றதை நினைவிலிருந்து எழுதுவது. வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்கும் இடமாக அமர்வு மாறிவிட்டால் அன்றைக்குச் சந்தோஷமாக இருக்கும், தேர்வில் ஒன்றும் மாறாது.

புத்தகம் மூடியபடி என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. "நல்லா படிச்சேன் சார், எழுத வரல" என்ற வாக்கியத்தைக் கேட்காத ஆசிரியர் இருக்க முடியாது. அந்தப் பிள்ளை உண்மைதான் சொல்கிறது. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு பகுதியை நான்கு தடவை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதமும், ஒரு தடவை படித்து மூன்று தடவை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து அது 40, 61 என்று தலைகீழானது. திரும்பத் திரும்பப் படித்தவருக்கு அன்றிரவு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வு அறையில்தான் ஏமாற்றம். இதைப் பிள்ளைகளிடம் எண்ணோடு காட்டினால் நம்புவார்கள். "எழுதிப் பார்" என்று வெறுமனே சொன்னால் நம்ப மாட்டார்கள்.

விட்டுப்போன வேலையும் பூஜ்யமும்

ஒப்படைக்காத பணிக்குப் பூஜ்யம் போடுவது ஒழுக்கம் கற்பிக்கும் என்று நம்பப்படுகிறது. கணக்கைப் பாருங்கள். நான்கு பணிகளில் 80 வாங்கி ஒன்றில் 0 என்றால் சராசரி 64. அதை 75-க்கு உயர்த்த, மொத்தம் பதினைந்து 80-கள் வேண்டும். இதை மாணவர்கள் நம்மைவிட வேகமாகக் கணக்குப் போட்டுவிட்டு, இனி முயன்று என்ன பயன் என்று விட்டுவிடுகிறார்கள். "முழுமையில்லை" என்ற குறியும் இரண்டு வாரக் கெடுவும் இதைவிடக் கறாரானவை, ஏனென்றால் வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். நீண்ட விடுப்புக்குப் பின் வரும் பிள்ளையிடம் பதினான்கு பணிகளின் பட்டியலை நீட்டக் கூடாது. அடுத்த பாடம் எவற்றின் மீது நிற்கிறதோ அந்த மூன்றை மட்டும் பாட ஆசிரியர் தேர்ந்து கொடுத்து, மற்றவற்றை மன்னித்துவிட வேண்டும்.

ஆலோசகரின் அறை

அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. அதன்படி இருந்தாலும், அவர் தேர்வு மேற்பார்வைக்கும் கோப்பு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைக்காமல் மடித்த சீட்டு கொடுத்து அழைப்பது, தண்டனைக்கு உட்கார வைக்கும் இடமாக அந்த அறையைப் பயன்படுத்தாமல் இருப்பது, "போய்ப் பாரு" என்று சொல்லாமல் பிள்ளை நம்பும் ஆசிரியர் கூடவே நடந்து போய் அறிமுகப்படுத்துவது: இந்த மூன்றும் இல்லாமல் அந்தக் கதவு திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றுதான். முதல் சந்திப்பு பத்து நிமிடம் போதும். பேச்சு தொடங்கும் முன்பே எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று சொல்லிவிட வேண்டும். தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் அபாயம், யாராவது துன்புறுத்துவது ஆகியவற்றை மறைக்க இயலாது. இதைப் பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும். பிறகு தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். இந்த வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும், ஆனால் பருவமடையும்போது தூக்கம் வரும் நேரமே பின்னுக்குத் தள்ளிப் போகிறது. சோம்பேறி என்று பெயர் வாங்கிய பலருக்கு இருப்பது தூக்கக் கடன்.

கடைசியாக, பட்டியலிலிருந்து எப்போது விடுவிப்பது என்ற கேள்வி. ஒரு தேர்வில் தேறியதும் எல்லா அமர்வையும் நிறுத்திவிட்டால் அடுத்த தேர்வில் மீண்டும் சரிவார்கள். தொடர்ந்து இரண்டு தேர்வு, நான்கு வாரம் ஒழுங்கான வருகை என்பது நல்ல அளவு. அதைவிட நான் நம்பும் அடையாளம் வேறொன்று. யாரும் அனுப்பாமல், அட்டவணையில் பெயர் இல்லாத ஒரு நாளில், அந்த மாணவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "மிஸ், இந்த மூணாவது வரியில மைனஸ் எப்படிப் போச்சு?" என்று கேட்பார். அப்போது அவர் மதிப்பெண் இன்னும் ஐம்பதைத் தொடாமலும் இருக்கலாம். தேதி போட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று அமர்வை ஒன்றாகக் குறைக்கத் தொடங்க வேண்டிய வாரம் அது.